அண்டம் என்றால் என்ன என்று பாப்பா கேட்டாளே

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கக் கீழ்வீட்டுப் பையன் உதவுகிறான், அதனால் கவலைப்படாதே.

நேற்று போனில் பாப்பாவின் வீட்டுப்பாடத்தைப் பற்றிக் கேட்டாய். தமிழ் வகுப்பில் 'யூனிவர்ஸ்' என்பதற்குத் தமிழ்ச் சொல் எழுதி, அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதி வரச் சொன்னார்கள் என்றாய். 'பிரபஞ்சம்' என்றேன். பாப்பா சொல்லிப் பார்த்தாள், 'பிஞ்சம்' என்று வந்தது. "வேறு சின்னச் சொல் இல்லையா அம்மா?" என்றாய். 'அண்டம்' என்றேன். "அப்படின்னா என்ன பாட்டி?" என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. அப்புறம் உங்களுக்குத் தூங்கும் நேரம் ஆகியிருக்கும் என்று நான் கூப்பிடவில்லை.

ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் இந்த ஊரின் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். குழந்தை ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாதியில் நிற்கிறாள் என்றால் மனசு கேட்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அவளுக்குச் சொல்.

உனக்கு ஆறு வயது இருக்கும். ஆச்சி திருநெல்வேலியிலிருந்து முதல் தடவை நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் உன் கையில் காசு கொடுத்து முட்டை வாங்கி வரச் சொன்னேன். நீ கடைக்காரரிடம் சொல்வதைப் பழகிக்கொண்டே படி இறங்கினாய்: "சார் அண்டா, சார் அண்டா." இந்தியில் சார் என்றால் நாலு. ஆச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நாலு அண்டாவா? இந்த வீட்டுல எங்கட்டி வைக்கப்போற?" என்று என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு ஆச்சியிடம் முட்டைக்கு இந்தியில் அண்டா என்று சொல்லிப் புரியவைத்தேன். அடுப்படியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த நம் அண்டாவுக்கு மராத்தியில் ஹண்டா. நம்முடைய 'அண்டா'வும் அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். இந்திக்கார அண்டா வேறு வழி. அது வடமொழியின் 'அண்ட' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'அண்ட' என்றால் முட்டை.

நம் 'அண்டம்' அங்கிருந்துதான் வந்தது. பாப்பாவுக்கு நீ முதலில் சொல்லவேண்டியது இதைத்தான்: அண்டம் என்றால் முட்டை.

உலகம் தோன்றியதற்கு முட்டையைச் சொல்லும் கதை மிகப் பழையது. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் பொன்மயமான கரு ஒன்று முதலில் இருந்தது என்று வருகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு முட்டை இரண்டாகப் பிளக்கிறது. வெள்ளி ஓடு பூமியாகவும் பொன் ஓடு வானமாகவும் ஆகின்றன. அப்படிப்பட்ட கதைகளிலிருந்துதான் பிரம்மாவின் முட்டை, அதாவது பிரம்மாண்டம் என்ற சொல் பிறந்தது. இந்திக்காரர்கள் இன்றைக்கும் யூனிவர்ஸை 'பிரம்மாண்ட்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் அந்தச் சொல் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது.

இது எனக்கு உறைத்தது ஒரு குழந்தையால். ஒர்லியில் 1977இல் திறந்த நேரு கோளரங்கத்துக்கு ஒரு வருடம் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். காட்சி இந்தியில். இருட்டில் கூரை முழுக்க நட்சத்திரம். மும்பை வானத்தில் அந்தப் பிள்ளைகள் ஏழெட்டு நட்சத்திரத்துக்கு மேல் பார்த்ததே இல்லை, வாயைப் பிளந்துகொண்டு இருந்தார்கள். வெளியே வந்ததும் ஒரு பெண்பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "டீச்சர், பிரம்மாண்டம் பிரம்மாண்டம்னு சொல்லிக்கிட்டே இருந்தாரே, எது பிரம்மாண்டமா இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?" அவளுக்குப் பிரம்மாண்டம் என்றால் பந்தல், கட்-அவுட், பெரிய கல்யாணம். தமிழ் விளம்பரமெல்லாம் அப்படித்தானே கத்துகிறது? 'பிரம்மாண்டமான தள்ளுபடி விற்பனை' என்று துணிக்கடை வாசலில் எழுதி வைக்கிறார்கள். எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒன்றுக்கு வைத்த பெயரை, பெரிய எதற்கும் பூசுகிற வண்ணமாக ஆக்கிவிட்டோம். அந்தப் பிள்ளையின் கேள்வி சரியான கேள்வி. நான் கடற்கரைக் காற்றில் நின்றுகொண்டே பிள்ளைகளுக்கு முட்டைக் கதையைச் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது எல்லோரும் 'அண்டா அண்டா' என்று பாடிக்கொண்டே வந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. இதைப் பாப்பாவுக்கு இப்போது சொல்லவேண்டாம், பெரியவள் ஆனதும் சொல். தமிழ்வழி அறிவியல் பாடத்தில் பெண்ணின் உடம்பில் இருக்கும் கருமுட்டைக்கும் அண்டம் என்றுதான் பெயர், அது உருவாகும் இடம் அண்டகம். அந்த அண்டத்தின் குறுக்களவு சுமார் 0.1 மில்லிமீட்டர், ஊசி முனை போட்ட புள்ளி மாதிரி. ஒரு மொழியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அந்தப் புள்ளிக்கும், ஒளி கோடிக்கணக்கான வருடம் ஓடியும் கரை காணாத ஒன்றுக்கும் ஒரே பெயர். நீயும் ஒரு நாள் அண்டமாக இருந்தவன்தான். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு உன் நினைப்பு வரும். 'அண்டத்தில் உள்ளது பிண்டத்தில் உண்டு' என்று ஆச்சி சொல்வார்களே, பிண்டம் என்று அவர்கள் சொன்னது உடம்பை.

சரி, பேரண்டம் என்று ஏன் சொல்கிறோம்? உன் பாப்பாவின் ஆசிரியை அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்ப்பார் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இப்போது அதுதான் வழக்கு. என் யோசனை இது: அண்டம் என்ற சொல்லுக்குப் பல அளவு இருந்தது. ஒருவர் அதைப் பூமி உருண்டைக்குச் சொன்னார், ஒருவர் வானத்துக்குச் சொன்னார், ஒருவர் விண்மீன் திரளுக்கே சொன்னார். மேல்நாட்டிலும் இதே குழப்பம் இருந்தது. சுமார் 100 வருடத்துக்கு முன்புவரை நம் பால்வெளிதான் யூனிவர்ஸ், அதற்கு வெளியே எதுவும் இல்லை என்று பெரிய பெரிய வானியலாளர்களே வாதாடினார்கள். 1920களில் எட்வின் ஹபிள் என்ற அமெரிக்க வானியலாளர், ஆண்ட்ரோமீடா என்று நாம் மங்கலாகக் காணும் திட்டு நம் பால்வெளிக்கு வெகு தூரத்துக்கு அப்பால் இருக்கும் இன்னொரு விண்மீன் திரள் என்று காட்டினார். அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படித் திரள் ஒன்றல்ல, எண்ணி மாளாது என்று தெரிந்தபிறகு, 'யூனிவர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் சட்டை ஒரே தலைமுறையில் எத்தனையோ மடங்கு பெரிதாகத் தைக்கவேண்டியதாகிவிட்டது. தமிழில் நாம் அண்டத்தின் முன்னால் ஒரு 'பேர்' வைத்துக்கொண்டோம். பேரூர், பேராசிரியர் மாதிரி. எளிய வேலை, நல்ல வேலை.

ஆனால் அண்டம் ஒன்றல்ல, பல என்ற நினைப்புத் தமிழில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிறது. திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர், அண்டப் பகுதியில் உருண்டைகள் நூற்றொரு கோடிக்கும் மேல் விரிந்து கிடக்கின்றன என்கிறார். அந்தக் கோடிகளுக்கு அவர் சொன்ன உவமையைக் கேள்: 'இல்நுழை கதிரின் துன்அணுப் புரைய'. வீட்டுக்குள் நுழைகிற வெயில் கற்றையில் நெருங்கிப் பறக்கும் தூசி மாதிரி அவை சிறியவையாகிவிடும், இறைவன் அவ்வளவு பெரியவன் என்கிறார்.

நம் பழைய வீட்டுத் தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டை ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மத்தியானம் அதன் வழியாக ஒரு வெயில் கோடு பாயில் விழும். நீ அதில் கையை நீட்டித் தூசியைப் பிடிக்கப் பார்ப்பாய். மழை வந்தால் ஒழுகும் என்று அப்பா அதைத் தார் வைத்து அடைத்ததும் நீ ஒரு நாள் முழுக்க அழுதாய். நான் அப்போது அந்த வரியைப் படித்திருக்கவில்லை. பிறகு படித்தபோது எனக்கு முதலில் தெரிந்தது அந்த ஓட்டைதான்.

இதை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் நம் முன்னோர் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மட்டும் பாப்பாவிடம் சொல்லாதே. வாட்ஸ்அப்பில் அப்படி நிறைய வருகிறது, எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1931இல் ஜார்ஜ் லெமைத்ர் என்ற பெல்ஜிய நாட்டுப் பாதிரியார், எல்லாம் ஒரு சிறு ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று எழுதினார். முட்டைக் கதையும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். ஒன்றில்லை. அவர் கணக்குப் போட்டார், மற்றவர்கள் தொலைநோக்கியை வைத்து அதைச் சோதித்தார்கள், விண்மீன் திரள்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போவதை ஹபிள் 1929இல் அளந்து காட்டினார். அந்த வழியில்தான் இன்றைக்குப் பேரண்டத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டு என்று சொல்ல முடிகிறது. உவமைக்கு உள்ள மரியாதை வேறு, அளந்து கண்டதற்கு உள்ள மரியாதை வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த ஒரு புலவர் நமக்கு இருந்தார். புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சூரியன் போகும் வழியையும் காற்று திரியும் திசையையும் வெறுமையாக நிற்கும் ஆகாயத்தையும் 'சென்று அளந்து அறிந்தோர் போல' இவ்வளவு என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறார். அந்த 'போல' என்ற சொல்லை நான் வகுப்பில் கரும்பலகையில் பெரிதாக எழுதுவேன். 'வறிது நிலைஇய காயம்' என்று அவர் அதில் எழுதியது எவ்வளவு அழகு, பார். வெற்றாக நிற்கும் வெளி. இப்போது 'விண்வெளி' என்கிறோம், அதில் பாதி அழகுதான் இருக்கிறது.

பிரபஞ்சத்துக்கு வருகிறேன். பாப்பாவின் நாக்கில் அது உடைந்தாலும் அந்தச் சொல்லை அவள் விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

நான் கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்த புதிது. பக்கத்து அறையில் இருந்த மராத்திப் பாட்டியை, நம் ஆஜியை, உனக்கு நினைவிருக்கும், உனக்குப் பூரண்போளி ஊட்டினவர். எனக்கு அப்போது மராத்தி அரைகுறை. ஒரு நாள் அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே பெருமூச்சு விட்டு, "காய் கரூ, பிரபஞ்ச் ஆஹே" என்றார். 'என்ன செய்வது, பிரபஞ்சம் இருக்கிறதே' என்று அர்த்தம். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. தமிழாசிரியர் பயிற்சி முடித்த எனக்குப் பிரபஞ்சம் என்றால் சூரியன், சந்திரன், நட்சத்திரம், தத்துவம். இந்த அம்மாள் எண்ணெய்ப் பிசுக்குச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு பிரபஞ்சம் என்கிறாரே! பிறகுதான் தெரிந்தது, மராத்தியில் பிரபஞ்ச் என்றால் குடும்பம் நடத்துவது. அரிசி, பருப்பு, வாடகை, பிள்ளைகளின் ஃபீஸ், மாமியாரின் மருந்து எல்லாம் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் ராமதாஸ் சுவாமி என்ற மராத்தித் துறவி சொன்னதை அவர் அடிக்கடி சொல்வார்: முதலில் பிரபஞ்சத்தை ஒழுங்காக நடத்து, பரமார்த்தம், அதாவது ஆன்மிகம், அப்புறம்.

வடமொழியில் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது விரிவு. பஞ்ச என்பதைப் பிடித்துக்கொண்டு ஐம்பூதம் என்று விளக்குவோரும் உண்டு, கேட்க நன்றாக இருக்கும். விரிந்து பரவுவது என்பதே அதன் முதல் பொருள். அது தெலுங்கிலும் கன்னடத்திலும் உலகம் ஆனது, தமிழில் நட்சத்திரங்கள் வரை போனது, இந்தியில் சூது வாது ஆனது, மராத்தியில் அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்தது. சம்சாரமும் அப்படித்தான். இந்தியில் 'சன்சார்' என்றால் உலகம், மராத்தியில் இல்லறம், நம்மூரில் பெண்டாட்டி. உன் அப்பா என்னைப் பிறரிடம் "எங்க சம்சாரம்" என்று அறிமுகப்படுத்துவார். எனக்கு அப்போது கூச்சமாக இருக்கும். இப்போது அந்தச் சொல்லின் இன்னொரு பொருளைச் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

ஆஜி போய் எத்தனையோ வருடம் ஆயிற்று. அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, இந்தச் சொற்கள் எவ்வளவு தூரம் போனாலும் வீட்டுக்குத் திரும்பி வருகின்றன என்பது. நீ யோசித்துப் பார். உலகம் என்ற சொல்லும் அப்படியே. 'உலகம் சிரிக்கும்' என்று நாம் சொல்வது பக்கத்து வீட்டுக்காரர்களை. 'ஊர் உலகத்தில் நடக்காததா' என்றால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம். வள்ளுவரும் 'எவ்வ துறைவது உலகம்' என்று பாடும்போது மண்ணையா சொல்கிறார்? மக்களை. அதே உலகத்துக்குத் தொல்காப்பியம் மரபியலில் சொல்லும் இலக்கணம் எவ்வளவு பெரியது என்று பார்: 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்'. மயக்கம் என்றால் இங்கே தலைசுற்றல் இல்லை, கலப்பு. அகத்திணையில் பார்த்தால் காடுறை உலகம், மைவரை உலகம், தீம்புனல் உலகம், பெருமணல் உலகம் என்று முல்லை ஓர் உலகம், குறிஞ்சி ஓர் உலகம், மருதம் ஓர் உலகம், நெய்தல் ஓர் உலகம். ஆக ஒரே சொல்லில் ஐம்பூதமும் அடங்குகிறது, ஒரு மலைச்சரிவும் அடங்குகிறது, தெருமுனையில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் அடங்குகிறார்கள்.

மற்ற சொற்களை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். ஞாலுதல் என்றால் தொங்குதல். அதனால் ஞாலம் என்பது வெளியில் தொங்குவது என்று அறிஞர்கள் சொல்வார்கள். வையம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வண்டி என்றும் பொருள் உண்டு. ஜகம் என்றால் அசைந்துகொண்டே இருப்பது. அகிலம் என்றால் மிச்சம் இல்லாமல் முழுவதும். 'அகில இந்திய வானொலி'யில் வரும் அகிலம் அது. இவற்றில் ஞாலமும் வையமும் பூமிக்குத்தான் பொருத்தம், யூனிவர்ஸுக்குப் போடவேண்டாம். பாப்பா போட்டால் மார்க் குறைப்பார்கள்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். ஒரே ஒரு சொல் போதும் என்றாய். நோட்டில் எழுத 'பேரண்டம்' என்று எழுதச் சொல். விஞ்ஞானம் எழுதும்போது அது தெளிவான சொல், சண்டை வராது. கதையோ மனசில் தோன்றுவதையோ எழுதும்போது 'பிரபஞ்சம்' எழுதலாம். சும்மா பேசும்போது 'உலகம்' என்றாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 'பிரம்மாண்டம்' வேண்டாம், கடைக்காரர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள்.

ஆனால் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வை. அது கொஞ்சம் குளிராக இருக்கும், வெதுவெதுப்பாகும் வரை பிடித்துக்கொண்டிருக்கச் சொல். அண்டம் என்றால் இதுதான், இதைப் பார்த்த யாரோ ஒருவர் வானத்தையும் அப்படி நினைத்துப் பார்த்தார் என்று சொல். உடைத்துவிட்டாள் என்றால் திட்டாதே. நீ அன்றைக்கு நாலு அண்டாவில் ஒன்றைப் படியில் போட்டுவிட்டுத்தான் வந்தாய்.

பார்சலில் சுக்கு, முறுக்கு, அவளுக்கு ஒரு நான்குகோடு நோட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு கூப்பிடும்போது அவள் எழுதிய வாக்கியத்தை அவளே வாசிக்கட்டும், நீ எடுத்துக் கொடுக்காதே. நான் முன்னாடியே சார்ஜ் போட்டு வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா